ஒரு சொட்டு ரத்தம், ஒரு துண்டு கல்லீரல்

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? தப்பு, கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை?

காலையில் காபிக்கு முன்னால் அப்பாவோ அத்தையோ விரல் நுனியில் சுருக்கென்று குத்திக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னப் பட்டையில் ஒற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சில விநாடிகளில் மெஷின் 'பீப்' என்கிறது. "நூத்தித் தொண்ணூறா! நேத்து கல்யாணத்துல ரெண்டாவது ஜிலேபி வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல். பட்டை குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அன்றைய விசாரணை முடிந்தது.

நாளைக் காலையில் புதுப் பட்டை ஒன்றை எடுத்துக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துண்டின் மேல் ஒன்றிரண்டு கோடுகள். பெரும்பாலும் கறுப்பு. அவ்வளவுதான். விலை இருபது ரூபாய் சொச்சம். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மாத்திரை வருகிறது. சில மரணங்கள் வருகின்றன. பெண்டாட்டி பெயரில் மெஷின் வாங்கிய ஒரு இன்ஜினீயர் வருகிறார். பென் டிரைவ் அளவில் ஒரு கல்லீரலும் வருகிறது!

மாத்திரையிலிருந்து ஆரம்பிப்போம்.

1997 ஜனவரி. அமெரிக்காவின் உணவு - மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு புதிய சர்க்கரை மாத்திரைக்குப் பச்சைக்கொடி காட்டியது. மருந்தின் பெயர் ட்ராக்ளிடசோன். கடைப்பெயர் ரெசுலின். சர்க்கரை நோயாளிகள் பலருடைய உடம்பில் இன்சுலின் இல்லாமல் இல்லை. இருக்கிறது. ஆனால் அது போய்க் கதவைத் தட்டினால் செல்கள் திறப்பதில்லை. அந்தக் கதவுகளைத் திறக்க வைக்கும் மாத்திரை இது. புது வகை, புது நம்பிக்கை. லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கம்பெனி நடத்திய சோதனைகளில் 2,510 பேர் இந்த மருந்தைச் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களில் 48 பேருக்கு, கல்லீரல் சிரமப்படுவதைக் காட்டும் ஒரு என்சைம் ரத்தத்தில் இயல்பான உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் இது மூன்று பங்கு! எஃப்.டி.ஏ.வில் இந்த மருந்தைப் பரிசீலித்த டாக்டர் ஜான் கெரிகியன் 1996லேயே கல்லீரல் விஷயத்தில் முணுமுணுத்தார். அவரை அந்த வேலையிலிருந்து மாற்றினார்கள். மருந்து வெளியே வந்தது.

வந்த சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழந்த செய்திகள் வர ஆரம்பித்தன. 1997 டிசம்பரில் பிரிட்டனில் மருந்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில்? 'மாதாமாதம் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கொண்டு சாப்பிடுங்கள்' என்று எச்சரிக்கை ஒட்டி, விற்பனை தொடர்ந்தது.

1998ல் நடந்ததுதான் மனசைப் பிசைகிற சம்பவம். சர்க்கரை நோய் வராமலே தடுக்க முடியுமா என்று அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பெரிய ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்தவர்களில் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. வரும் வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான். அவருக்கு இந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. கல்லீரல் கெட்டது. மாற்றுக் கல்லீரல் பொருத்தியும் பிழைக்கவில்லை. வராத நோயைத் தடுக்கப் போய் இருந்த உயிர் போயிற்று. அடுத்த மாதமே அந்த ஆய்விலிருந்து ட்ராக்ளிடசோனை நீக்கினார்கள். (அதே ஆய்வு 2002ல் என்ன சொன்னது தெரியுமா? நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவிகிதம் குறைத்தன! மாத்திரையே இல்லாமல்.)

2000 மார்ச் மாதம்தான் ரெசுலின் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. அதற்குள் இந்த மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கல்லீரல் மரணங்கள் 63. இந்த விவகாரத்தைத் துருவித் துருவி எழுதிய 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நிருபர் டேவிட் வில்மனுக்கு 2001ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது.

'ஏன் சார், மனுஷனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்ப்பார்களே, அதில் தெரியவில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம்.

தெரியவில்லை. இதுதான் சிக்கலே.

பிராணிகளிடம் சோதித்துப் பார்க்கும் பழக்கம் சட்டமாக இறுகியதற்கே ஒரு சோகக் கதை இருக்கிறது. 1937ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தைக் குழந்தைகளும் குடிக்கிற மாதிரி ராஸ்ப்பெர்ரி வாசனையோடு சிரப்பாக்கியது. மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தியது டை எத்திலீன் கிளைக்கால். விஷம்! ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காமல் விற்றார்கள். குழந்தைகளும் பெரியவர்களுமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1938ஆம் வருடத்துச் சட்டம். 'பாதுகாப்பானது என்று முதலில் நிரூபி, அப்புறம் விற்பனை செய்!' (அதே விஷம் கலந்த இருமல் சிரப் 2025ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலி வாங்கியதையும், அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்பதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 88 வருடம் கழித்தும் பாடம் படிக்காதவர்கள் நாம்.)

எலி, நாய், குரங்குச் சோதனைகள் எத்தனையோ விஷங்களை வடிகட்டி நம்மைக் காப்பாற்றியிருக்கின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் எலியின் கல்லீரல் வேறு, உங்கள் கல்லீரல் வேறு. 1993ல் ஃபியாலுரிடின் என்ற மஞ்சள்காமாலை மருந்து. ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரானது. பிராணிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது கல்லீரலுக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லை. 15 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 5 பேர் இறந்தார்கள். 2 பேர் மாற்றுக் கல்லீரல் பொருத்தித் தப்பித்தார்கள்.

காரணம் பல வருடம் கழித்துத் தெரிந்தது. நம் செல்லுக்குள் மின்நிலையம் மாதிரி வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. அந்த மருந்து அதன் வழியே உள்ளே புகுந்து நாசம் செய்தது. எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த இடத்தில் அந்தக் கதவே இல்லை! கதவு இல்லாத வீட்டில் திருடன் நுழைகிறானா என்று காவல் காத்திருக்கிறார்கள்.

அப்படியானால் என்ன வழி? மனிதக் கல்லீரலிலேயே சோதிக்க வேண்டும். ஆனால் மனிதனைத் தொடக்கூடாது. நடக்கிற காரியமா?

நடந்தது.

மனிதச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது பழைய வித்தை. ஆனால் தட்டில் விட்ட கல்லீரல் செல், வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. கொஞ்ச நாளில் தன் தொழிலையே மறந்துவிடும். அதற்கு மேலே ரத்தம் ஓட வேண்டும், பக்கத்தில் மற்ற செல்கள் வேண்டும், இழுக்கவும் தள்ளவும் ஏதாவது வேண்டும். 1990களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷூலர், ஒவ்வொரு உறுப்பின் செல்களையும் தனித்தனி அறையில் வைத்து, ரத்தத்துக்குப் பதில் ஊட்டத் திரவம் ஒன்றை அறைகளுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம் 2010ல் ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பரும், கொரியாவிலிருந்து வந்த டான் ஹூவும் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 'சிப்பில் ஒரு நுரையீரல்!'

கம்ப்யூட்டர் சிப் செய்கிற அதே நுட்பத்தில் முதலில் ஒரு அச்சு. இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற மாதிரி அதில் சிலிக்கான் ரப்பரை ஊற்றி எடுத்தால், உள்ளே மயிரிழைக் கால்வாய்கள் ஓடும் ஒரு கண்ணாடித் துண்டு போல வரும். பென் டிரைவ் அளவுதான். நடுவில் துளைகள் நிறைந்த மெல்லிய ஜவ்வு. மேல் பக்கம் மனித நுரையீரல் செல்கள், காற்றைப் பார்த்தபடி. கீழ்ப் பக்கம் ரத்தக் குழாய்ச் செல்கள், திரவத்தில் நனைந்தபடி. இரண்டு ஓரங்களிலும் வெற்றிடத்தால் இழுத்து இழுத்து விட்டார்கள். ஜவ்வு விரிந்து சுருங்கியது. நுரையீரல் மூச்சு விட்டது! காற்றுப் பக்கம் பாக்டீரியாவைப் போட்டார்கள். ரத்தப் பக்கத்திலிருந்து வெள்ளையணுக்கள் ஜவ்வைத் துளைத்து ஏறி வந்து கிருமியை விழுங்கின. உயிருள்ள உடம்பில் நடக்கிற சண்டைக் காட்சி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே.

அப்புறம் கல்லீரல், குடல், சிறுநீரகம், இதயம் என்று வரிசையாக சிப்கள் வந்தன. 2015ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே இந்தச் சிப்பைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது.

எல்லாம் சரி. ஆனால் ஒரு பெரிய குறை. இந்தக் குட்டி உறுப்புகள் ஊமை.

உங்களுக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'வயித்தைப் புரட்டுது' என்பீர்கள். சிப்பில் உள்ள கல்லீரல் என்ன சொல்லும்? உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிய மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அல்லது ஓடி வருகிற திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அல்லது சோதனையின் முடிவில் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றினால் அநேகமாக அந்தச் செல்களின் கதை முடிந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்து பார்த்து 'ஆமாம், இறந்துவிட்டார்' என்று சொல்வதற்கு இவ்வளவு பாடா?

தேவைப்பட்டது, சிப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் சேதி சொல்லும் ஒரு சின்ன ஒற்றன். விலை மலிவான ஒற்றன்.

அந்த ஒற்றன் ஏற்கெனவே உங்கள் வீட்டு மேஜை டிராயரில் இருந்தான்!

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1950கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி. இதய ஆபரேஷனின்போது ரத்தத்துக்கு வெளியிலிருந்தே ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 'ஏற்றுகிறீர்கள் சரி, எவ்வளவு ஏறியது என்று எப்படித் தெரியும்?' என்ற கேள்வி அவரை மடக்கியது. ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க ஒழுங்கான கருவி அப்போது இல்லை. பிளாட்டினக் கம்பியை ரத்தத்தில் விட்டால் புரதம் ஒட்டிக்கொண்டு கம்பி குருடாகிவிடும். கிளார்க் கம்பிக்கு முன்னால் மெல்லிய பாலிதீன் தாளைக் கட்டினார். ஆக்சிஜன் தாளைக் கடந்து வரும், புரதம் வராது. கொசு வலை மாதிரி! 1956ல் வெளியான இந்தக் கருவி இன்றும் அவர் பெயரிலேயே 'கிளார்க் எலெக்ட்ரோடு'.

மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. 1966ல் ஒரு எலியை ஆக்சிஜன் நிரம்பிய திரவத்தில் முழுசாக அமிழ்த்தி, அது திரவத்தையே மூச்சாக இழுத்து விட்டு உயிரோடு இருப்பதைக் காட்டி உலகத்தை வாய் பிளக்க வைத்தவர்.

1962ல் அவருக்கு அடுத்த யோசனை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்று ஒரு என்சைம் உண்டு. குளுக்கோஸைத் தவிர வேறெதையும் அநேகமாகச் சீண்டாது. குளுக்கோஸைச் சாப்பிடும்போது கூடவே ஆக்சிஜனையும் செலவழிக்கும். அந்த என்சைமைத் தன் எலெக்ட்ரோடின் மேல் ஒரு படலமாகக் கட்டிவிட்டால்? எவ்வளவு ஆக்சிஜன் குறைகிறதோ அவ்வளவு சர்க்கரை! உயிர்ப்பொருள் ஒன்று மோப்பம் பிடிக்கிறது, மின்சாரம் அதைச் சொல்கிறது. பயோசென்சர் பிறந்துவிட்டது.

பிறந்து என்ன? நோயாளியின் கைக்கு வரவில்லையே.

1969ல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற இன்ஜினீயர் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். 12 வயதிலிருந்து சர்க்கரை நோயோடு போராடிக்கொண்டிருந்தவர். ரத்தச் சர்க்கரையை ஒரே நிமிஷத்தில் காட்டும் மெஷின். இது வேறு வகை, மின்சாரம் அல்ல, பட்டையின் நிறம் மாறுவதைப் படிக்கிற ரகம். எடை ஒரு கிலோவுக்கு மேல். எதற்காகச் செய்தார்கள் தெரியுமா? ராத்திரி ஆஸ்பத்திரிக்கு மயங்கிய நிலையில் தூக்கி வரப்படும் ஆள் குடித்திருக்கிறானா, சர்க்கரை நோயாளியா என்று கண்டுபிடிக்க! விலை 650 டாலர். ஆனால் டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பார்கள். பெர்ன்ஸ்டீனின் மனைவி டாக்டர். பிறகென்ன, மனைவி பெயரில் ஆர்டர் போனது!

தினமும் பல தடவை தன் சர்க்கரையைத் தானே அளந்து, இன்சுலினையும் சாப்பாட்டையும் அதற்கேற்ப மாற்றி, உடம்பைச் சரிசெய்துகொண்டார். இதைக் கட்டுரையாக எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினால் திரும்பி வந்தது. 'இன்ஜினீயர் சொன்னால் யார் கேட்பார்கள்' என்று, 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்! 2025ல் இறக்கும்போது அவருக்கு வயது 90. பன்னிரண்டு வயதில் வந்த சர்க்கரையோடு 78 வருடம் வாழ்ந்தவர்.

எல்லோருக்கும் டாக்டர் மனைவி வாய்க்குமா? மெஷின் மலிவாக வேண்டும்.

அதைச் செய்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். கிளார்க்கின் முறையில் ஒரு தொல்லை இருந்தது. சாம்பிளில் ஆக்சிஜன் அளவே கூடக் குறைய இருந்தால் கணக்கு தப்பும். ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆராய்ச்சியாளர்கள் ஆக்சிஜனை நம்புவதையே விட்டார்கள். ஃபெரோசீன் என்ற, இரும்பு கலந்த ஒரு சேர்மத்தைப் பிடித்தார்கள். என்சைம் குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரானைக் கழற்றும். ஃபெரோசீன் அதை ஏற்றிக்கொண்டு போய் மின்முனையில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குத் திரும்பும். ஷேர் ஆட்டோ மாதிரி! எத்தனை சவாரி ஓடியதோ அத்தனை மின்சாரம். 1984ல் இந்த ஆய்வு வெளியானது. 1987ல் மெடிசென்ஸ் கம்பெனி பேனா அளவில் ஒரு மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 30 விநாடியில் ரிசல்ட்.

இதில் நிஜமான மந்திரம் மெஷினில் இல்லை, பட்டையில். அதை எப்படிச் செய்தார்கள்? அச்சடித்தார்கள்! ஸ்க்ரீன் பிரிண்டிங். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரைப் போட்டார்களே, அதே வித்தை. சல்லடைத் துணி கட்டிய சட்டம், மேலே மை, ஒரு ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மைக்குப் பதில் கார்பன் பசை. பக்கத்தில் வெள்ளி கலந்த பசையால் இன்னொரு கோடு. அதன் மேல் என்சைம். ஒரு பெரிய ஷீட்டில் நூற்றுக்கணக்கான சென்சார்களை அச்சடித்து, நறுக்கி, டப்பாவில் போட்டுவிடலாம். ஆராய்ச்சிக்கூடத்து அதிசயம் அச்சகத்துச் சரக்காயிற்று. 1996ல் அபாட் கம்பெனி மெடிசென்ஸை 86 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது என்றால் பாருங்கள்.

1962க்கும் 1987க்கும் நடுவே 25 வருடம். கண்டுபிடிப்பு அன்றே இருந்தது. மலிவுதான் இல்லை.

இப்போது இரண்டு கதைகளையும் முடிச்சுப் போடலாம்.

2016. ஜெருசலேமில் உள்ள ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் யாக்கோவ் நாமியாஸின் குழு, மனிதக் கல்லீரல் திசுவை ஒரு சிப்பில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது. ஆக்சிஜனை அளக்கத் திசுவுக்குள்ளேயே ஒளிரும் நுண்துகள்களைப் புதைத்தார்கள். வெளியே வரும் திரவத்தில் குளுக்கோஸையும் லாக்டேட்டையும் மின்வேதிச் சென்சார்கள் தொடர்ந்து அளந்தன. கிளார்க்கின் கொள்ளுப் பேரன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சில மருந்துகளை ஓடவிட்டார்கள். அதில் ஒன்று... ட்ராக்ளிடசோன்.

என்ன நடந்தது என்று புரிய, கரண்ட் போன ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் ஓடுகிறது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, எல்லாம் சுகம். ஆனால் டீசல் மளமளவென்று குறைவதையும் புகை கிளம்புவதையும் பார்ப்பவருக்குத் தெரியும், மெயின் லைனில் ஏதோ கோளாறு! மைட்டோகாண்ட்ரியா அடிபட்டால் செல்லும் இப்படித்தான். ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, குளுக்கோஸை அள்ளி அள்ளி எரிக்கும். புகையாக லாக்டேட் வெளியே வரும். செல் சாகவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜம்மென்று இருக்கிறது. சென்சாருக்கு மட்டும் தெரிகிறது.

அதுவரை பாதுகாப்பானது என்று கருதப்பட்ட அளவிலேயே ட்ராக்ளிடசோன் கல்லீரலின் இந்த எரிபொருள் கணக்கைப் புரட்டிப்போட்டதைச் சிப் காட்டிக்கொடுத்தது.

யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்ற வந்த மாத்திரை கல்லீரலைக் கெடுத்தது. சர்க்கரை நோயாளிகளுக்காக வளர்ந்த சென்சார் அதைக் கண்டுபிடித்தது. பதினாறு வருடம் தாமதமாக.

அதே 2016ல் ஹார்வர்டில் கிட் பார்க்கரும் ஜெனிஃபர் லூயிஸும் இன்னொரு படி ஏறினார்கள். சிப்பை ஒரு இடத்தில் செய்து, சென்சாரை வேறிடத்தில் செய்து, பிறகு ஒட்டுவது ஏன்? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அச்சடித்தால்? ஆறு விதமான மைகளைத் தயாரித்து, 3டி பிரிண்டரில் இதயச் சிப்பையும் சென்சார்களையும் சேர்த்தே அச்சடித்தார்கள். மேலே வளர்ந்த இதயத் திசு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அச்சடித்த பட்டை வளைந்தது. வளையும்போது அதன் மின்தடை மாறியது. துடிப்பின் பலம் எண்ணாக வந்தது. வாரக்கணக்கில், யாரும் குனிந்து பார்க்காமலே! 2017ல் அலி காதம்ஹுசைனியின் குழு கல்லீரல், இதயம் இரண்டையும் இணைத்து, வெப்பம், ஆக்சிஜன், அமிலத்தன்மை, உறுப்புகள் கசியவிடும் புரதங்கள் என்று பல சென்சார்களை ஒரே பலகையில் பொருத்திக் காட்டியது.

'அப்புறம் என்ன? மருந்துக் கடைப் பட்டையை நறுக்கி சிப்பில் ஒட்டிவிட வேண்டியதுதானே?' என்கிறீர்களா. அங்கேதான் இடிக்கிறது.

உங்கள் வீட்டுப் பட்டைக்கு ஆயுள் சில விநாடி. ஒரு சொட்டு, ஒரு எண், குப்பை. சிப்பில் உட்காரும் சென்சார் உடம்புச் சூட்டில், ஈரத்தில், வாரக்கணக்கில் விழித்திருக்க வேண்டும். என்சைம் நாள்பட நாள்படக் களைத்துவிடும். மின்முனையில் புரதம் பாசி மாதிரி படியும். கிளார்க்கைத் தொல்லை செய்த அதே புரதம்! சிப்பைக் கிருமி இல்லாமல் சுத்தம் செய்தாக வேண்டும். கொதிக்க வைத்தால் என்சைம் செத்துப்போகும். அச்சு மையிலுள்ள வெள்ளி கரைந்து கசிந்தால் செல்களுக்கு ஆகாது. மருந்து கெடுத்ததா, சென்சார் கெடுத்ததா என்றே தெரியாமல் போய்விடும். போதாக்குறைக்கு, கால்வாயில் ஓடும் திரவம் ஒரு சொட்டைவிடக் குறைவு. சென்சாரே குளுக்கோஸைத் தின்று தீர்த்துவிட்டால் செல்லுக்கு என்ன மிச்சம்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று உண்டு. சென்சாரைச் செல்களின் அறைக்குள் வைக்காமல், திரவம் வெளியேறும் வழியில் தனி அறையில் வைக்கிறார்கள். களைத்ததும் உருவி எடுத்துவிட்டு, அச்சடித்த புதுசைச் சொருகலாம். இங்கேதான் மலிவு கை கொடுக்கிறது. நூறு வருடம் உழைக்கிற சென்சார் தேவையில்லை. தூக்கிப் போட்டால் மனசு வலிக்காத சென்சார் போதும்!

மலிவு என்பது கஞ்சத்தனம் அல்ல சார். 2022ல் அமெரிக்க கம்பெனியான எமுலேட், 27 மருந்துகளைக் கல்லீரல் சிப்பில் சோதித்த ஆய்வை வெளியிட்டது. கல்லீரலைக் கெடுக்கும் மருந்துகளில் 87 சதவிகிதத்தைச் சிப் சரியாகக் காட்டிக்கொடுத்தது. நல்ல மருந்து ஒன்றைக்கூடத் தப்பாகப் பழி சொல்லவில்லை. இதற்கு எத்தனை சிப் தேவைப்பட்டது? 870! 27 மருந்துக்கு 870 சிப் என்றால், ஒவ்வொரு சிப்புக்கும் விலையுயர்ந்த கருவிகளையும் நாள் முழுக்கக் காவல் காக்க ஆட்களையும் யாரால் வைத்துக் கட்டுபடியாகும்? பணக்கார லேப்கள் மட்டுமே செய்ய முடிந்த சோதனை, உலகத்துக்குப் பாதுகாப்பு ஆகாது.

சட்டங்கள் வழிவிட ஆரம்பித்துவிட்டன. 2022 டிசம்பரில், புது மருந்தைப் பிராணிகளிடம்தான் சோதித்தாக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்கா சட்டத் திருத்தத்தின் மூலம் தளர்த்தியது. 2023 மார்ச்சில் இந்தியாவும் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, உறுப்புச் சிப் போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில், சில வகை மருந்துகளுக்குப் பிராணிச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக எஃப்.டி.ஏ. அறிவித்தது.

அதற்காக நாளைக்கே எலிகளுக்கெல்லாம் விடுதலை என்று நினைக்க வேண்டாம். 87 சதவிகிதம் என்றால் 13 சதவிகிதம் தப்பித்தது என்றும் அர்த்தம். தனியாக நிற்கும் கல்லீரல் துண்டுக்கு மனித உடம்பின் முழுப் பஞ்சாயத்தும் தெரியாது. ஹார்மோன், நோய் எதிர்ப்பு, வயசு, பரம்பரை என்று ஆயிரம் இருக்கிறது. லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் ஒவ்வாமையைச் சிப் பிடிப்பதும் கஷ்டம். சிப் நீதிபதி அல்ல, ஒரு நல்ல சாட்சி. அவ்வளவுதான்.

ஆனால் 1996ல் அப்படி ஒரு சாட்சி இருந்திருந்தால்? தனியாளாக முணுமுணுத்த டாக்டர் கெரிகியனின் கையில், 'பாருங்கள், மனிதக் கல்லீரல் இந்த நிமிஷத்திலிருந்து மூச்சு வாங்குகிறது' என்று காட்ட ஒரு வரைபடம் இருந்திருக்கும். அவரை மாற்றியிருக்கலாம். வரைபடத்தை மாற்றியிருக்க முடியாது. நோயே இல்லாத அந்த ஆசிரியை அடுத்த நாளும் பள்ளிக்கூடம் போயிருக்கக்கூடும்.

நாளைக் காலையில் அப்பாவின் விரலில் சுருக்கென்று குத்தும்போது, அந்தப் பட்டையை ஒரு கணம் மரியாதையோடு பாருங்கள். இத்தனை நாளாக மருந்து சாப்பிடுகிறவரின் கணக்கைப் பார்த்தது. இப்போதுதான் மருந்தின் கணக்கையே கேட்க ஆரம்பித்திருக்கிறது!